கேட் பளபளக்கிறது, தபாலை எங்கே போடுவது?

மதுரையில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் கேட்டுக்குச் செலவு செய்யத் தயங்குவதில்லை. லேசரில் வெட்டிய மயில், எவர்சில்வர் குழாய், தூணுக்குத் தூண் விளக்கு என்று கே.கே. நகரிலிருந்து திருப்பாலை வரை தெருவுக்குத் தெரு ஒன்றை ஒன்று மிஞ்சும் கேட்டுகள் நிற்கின்றன. நிலைவாசல் எந்தத் திசை பார்க்க வேண்டும், செப்டிக் டேங்க் எந்த மூலையில் வர வேண்டும் என்று வாஸ்து பார்த்து, பிளானை நாலு முறை மாற்றி வரைந்திருப்பார்கள். இத்தனை யோசித்த வீட்டில், வருகிற தபாலை எங்கே போடுவது என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் யோசிக்கவில்லை.

அதனால் தபால்காரர் தனக்குத் தெரிந்த வழியில் சமாளிக்கிறார். கேட் கம்பியின் இடுக்கில் செருகுகிறார். மதில்மேல் வைத்து ஒரு கல்லைத் தூக்கிப் பாரம் வைக்கிறார். மீட்டர் பெட்டிக்குள் மின் அட்டையோடு சேர்த்துச் சொருகுகிறார். பால் பாக்கெட்டுக்காக இரவே தொங்கவிட்ட மஞ்சப்பையோ வயர்க்கூடையோ இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால் அதில் போடுகிறார். எதுவும் கிடைக்காத வீட்டில் கேட்டுக்கு மேலாகக் கார் நிற்கும் இடத்தைப் பார்த்து வீசிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். காற்றடித்தால் அது தெருவுக்கு வரும். மழை பெய்தால் சாக்கடைக்குப் போகும். ஒரு மாதம் கழித்து, ‘எங்களுக்குத் தபாலே ஒழுங்காக வர்றதில்லை’ என்று வீட்டுக்காரர் குறைப்படுவார்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் போடுகிறார்கள் என்ற கேள்வி உடனே எழும். சொந்தபந்தங்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வது குறைந்துவிட்டது உண்மைதான். தந்தி 2013 ஜூலையோடு நின்றது. பதிவுத் தபாலும் 2025-இல் தனிச் சேவையாக இல்லாமல் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு வரும் காகிதம் நிற்கவில்லை. வங்கிக் கடிதம், எல்.ஐ.சி. தவணை நினைவூட்டல், ஆதார் அட்டை, பான் அட்டை, வக்கீல் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சந்தா கட்டிய பத்திரிகை எல்லாம் இன்னும் தபாலில்தான் வருகின்றன. தமிழில் சிற்றிதழ் நடத்துகிறவர்களுக்குத் தபால்தான் உயிர்நாடி. ஐந்நூறு பிரதி அச்சடித்து, தபால்தலை ஒட்டி, ஊர் ஊராக அனுப்புகிற ஆசிரியரின் உழைப்பெல்லாம் கடைசியில் யாரோ ஒருவர் வீட்டு மதில்மேல் நனைந்து ஊறிக் கிடப்பதைப் பார்த்தால் மனம் கனக்கிறது.

ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக்கொள்வோம். 2024 பிப்ரவரி 28 முதல் தமிழகப் போக்குவரத்துத் துறை ஓட்டுநர் உரிமத்தையும் வாகனப் பதிவுச் சான்றையும் விரைவுத் தபாலில் மட்டுமே அனுப்புகிறது. முன்புபோல ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நின்று கையோடு வாங்கி வர முடியாது. விரைவுத் தபாலைக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தருவார்கள், பெட்டியில் போடமாட்டார்கள் என்பது சரி. வீடு பூட்டியிருந்தால்? வந்து போனதைத் தெரிவிக்கும் சீட்டை எழுதித் தபால்காரர் எங்கே வைப்பார்? கேட்டில் செருகிய அந்தத் துண்டுச் சீட்டு சாயங்காலம் வரை தாக்குப்பிடிக்காது. சில நாள் அஞ்சலகத்தில் காத்துக் கிடந்துவிட்டு, வீடு பூட்டியிருந்தது என்ற குறிப்போடு உரிமம் வந்த வழியே திரும்பிப் போகும்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், 27-ஆவது பிரிவில், சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பிய ஆவணம் உரியவருக்குச் சேர்ந்துவிட்டதாகவே கொள்ளலாம் என்கிறது. சேரவில்லை என்றால் அதை மறுப்பவர்தான் காட்ட வேண்டும். காசோலை திரும்பிய வழக்குகளில் அனுப்பும் நோட்டீஸுக்கும் இந்த அனுமானம் பொருந்தும் என்று 2007-இல் சி.சி. அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தபால் வரவே இல்லை என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். வந்ததாகத்தான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளத் தொடங்கும்.

அழகான பெட்டிதான் வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. சொல்லப்போனால் மதுரையில் உருப்படியாக வேலை செய்யும் பெட்டிகளில் பல, பார்க்க லட்சணமே இல்லாதவை. அரசரடி, எஸ்.எஸ். காலனி, டி.வி.எஸ். நகர் பக்கம் பழைய வீடுகளின் கேட்டில் அவை இன்றும் உண்டு. கேட் செய்த பட்டறையிலேயே, மிச்சம் விழுந்த தகட்டை வெட்டி மடித்து, வெல்டிங் வைத்துக் கொடுத்த பெட்டிகள் அவை. நாலு மூலையும் நாலு கோணம். வெல்டிங் தழும்புகளைத் தேய்த்துச் சமப்படுத்தியிருக்க மாட்டார்கள். கொப்புளம் கொப்புளமாக நிற்கும். தலையில் குடிசைக் கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரிந்த தகடு. பெயின்ட் உரிந்த இடத்தில் உற்றுப் பார்த்தால், மேலே பிரவுன், அதன் கீழே பச்சை, அதற்கும் கீழே சில்வர், கடைசியில் ரெட் ஆக்சைடு என்று ஒவ்வொரு முறை வீட்டுக்கு வெள்ளையடித்தபோதும் இதற்கும் ஒரு கை போட்டது தெரியும். முன்பக்கம் ‘தபால்’ என்று எழுதியதில் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் புள்ளி ஓரத்தில் ஏறி நிற்கும். கீலில் எண்ணெய்ப் பிசுக்கு. அடித்தகட்டில் ஆணியால் குத்திய ஓட்டைகள், சாரல் தண்ணீர் இறங்க. பின்பக்கக் கதவில் சின்னதாக ஒரு திண்டுக்கல் பூட்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டு, இப்படி எத்தனையோ தகரப்பெட்டிகளில் யாரும் கவனிக்காமல் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பெட்டியைச் செய்தவர் எந்தப் படத்தையும் பார்த்து வரையவில்லை. ஆனால் அவருக்கு மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று தெரிந்திருந்தது. வீட்டுக்காரர் அதை வருஷத்துக்கு ஒருமுறையாவது துடைத்து, எண்ணெய் விட்டு, பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார். இதைவிட என்ன வேண்டும்?

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு ரகம். ஆன்லைனில் வாங்கி மாட்டிய, தெருவோரத் தபால்பெட்டியைச் சிறிதாக்கிய சிவப்புப் பெட்டி. அல்லது கிரானைட் ஒட்டிய மதிலுக்குள் பதித்த எவர்சில்வர் பெட்டி. கிரகப்பிரவேசத்தன்று படம் எடுக்க நன்றாக இருக்கும். வாய் ஒரு சாண்கூட இருக்காது. அதில் கார்டும் இன்லண்டும் போகும். இன்று அதிகம் வருகிற நீளக் கவரும் பத்திரிகையும் போகாது. மடித்துத் திணித்தால் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. டியூஷன் சென்டர் நோட்டீஸும் போர்வெல் விளம்பரமும் கழுத்து வரை அடைத்துக் கிடக்கும். காசு கொடுத்து வாங்கிய பெட்டியைச் சீந்துவாரில்லாமல் விடுவதுதான் உண்மையான அசிங்கம்.

பழைய மதுரைக்கு இந்தப் பிரச்சினை இல்லை. மாசி வீதிகளுக்கு உள்ளே இருந்த திண்ணை வீடுகளில் பகல் முழுக்கக் கதவு திறந்தே கிடக்கும். தபால்காரர் குரல் கொடுப்பார்; யாராவது ஒருவர் திண்ணையில் இருப்பார். படித்த கடிதங்களைக் குத்தி வைக்க, அடியில் மரக்கட்டையும் மேலே கொக்கியும் உள்ள கம்பி ஒன்று உத்தரத்திலோ ஆணியிலோ தொங்கும். ஒரு குடும்பத்தின் பல வருஷக் கதை அந்தக் கம்பியில் அடுக்காக ஏறியிருக்கும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை வந்தால் சாமி படத்தடியில் வைப்பார்கள். சாவுச் செய்தி சொல்லும் கார்டைப் படித்த கையோடு வாசலிலேயே கிழித்துப் போடுவார்கள். அது வீட்டுக்குள் வரக்கூடாது. எந்தக் காகிதம் எதுவரை வரலாம் என்று முறை வகுத்து வைத்திருந்த ஊர் இது.

ஊர் வைகைக்கு வடக்கே பெருகி, மனைபோட்ட காலனிகள் வந்து, ஒவ்வொரு வீட்டையும் சுற்றி மதில் எழும்பியபோதுதான் பெட்டி தேவைப்பட்டது. திண்ணையை எடுத்தோம், மதிலை எழுப்பினோம், கேட்டைப் பூட்டினோம். பாதுகாப்புக்காகப் பூட்டுவதில் தவறில்லை. பூட்டுகிறவர்தான் பெட்டியும் வைக்க வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் கேட்டுக்கு வெளியே நின்று காலிங் பெல்லை அழுத்தி, உள்ளே நாய் குரைப்பதைக் கேட்டுக்கொண்டு, யாராவது வருவார்களா என்று காத்திருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் தபால்காரர் மற்ற வீடுகளுக்குக் கொடுக்க வேண்டிய நேரம்.

இந்த நேரக் கணக்கை அமெரிக்கா நூறு வருஷத்துக்கு முன்பே போட்டுப் பார்த்தது. கதவு திறப்பதற்காகக் காத்திருப்பதில் மட்டும் ஒரு தபால்காரருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் வீணாகிறது என்று கண்டறிந்து, 1923-இல், வீட்டுக்குத் தபால் வேண்டுமென்றால் பெட்டியோ கதவில் துவாரமோ இருந்தாக வேண்டும் என்று அங்குள்ள அஞ்சல் துறை விதித்தது. அந்த நாட்டின் கிராமங்களில் தொடக்கத்தில் இருந்தவை எண்ணெய் டின்னும் பாகு டப்பாவும் சோப்புப் பெட்டியும்தான். வேலிக்கம்பத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். அதை ஒழுங்குபடுத்தத் தரம் வகுத்தார்கள். அஞ்சல் துறைப் பொறியாளர் ராய் ஜோரோல்மன் 1915-இல் வடிவமைத்த, மேல்பக்கம் வளைந்த பெட்டியைத்தான் இன்றும் அமெரிக்கப் படங்களில் சாலையோரம் பார்க்கிறோம். பிரிட்டனில் 1849-இல் கதவில் துவாரம் வைக்கும்படி அஞ்சல் துறை கேட்டபோது, மகாகனி மரக் கதவை அறுக்கச் சொல்வதா என்று லண்டன்டெரி பிரபு கோபப்பட்டதாக ஒரு செய்தி உண்டு. லேசர் மயிலுக்கு நடுவே பெட்டி வைக்கச் சொன்னால் நம் ஊரில் எழும் தயக்கமும் ஏறக்குறைய அதுவே.

நம் அஞ்சல் துறை அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. அடுக்குமாடிகளில் தரைத்தளத்தில் பெட்டி வையுங்கள் என்று நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அடுக்குமாடிகளின் நிலை என்ன? மாடிப்படி தொடங்கும் இடத்தில், மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில், வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். பாதிக்குக் கதவு இல்லை. கதவு இருப்பதில் பூட்டு இல்லை. பெயர் எழுதும் இடத்தில் இரண்டு வாடகைக்காரருக்கு முன்னால் குடியிருந்தவர் பெயர். நடுவே கேபிள் டிவி வயர் ஓடும். மேலே யாரோ மறந்துபோன ஹெல்மெட். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் வாழும் தமிழர்களுக்குக் கீழ்த்தளத்துப் பெட்டி அன்றாட வாழ்க்கையில் ஒரு பகுதி. வேலைவிட்டு வரும்போது சாவி போட்டுத் திறந்து பார்த்துவிட்டுத்தான் லிஃப்டுக்குப் போவார்கள். இங்கே லிஃப்டுக்கும் ஜெனரேட்டருக்கும் மாதாமாதம் பராமரிப்புப் பணம் வசூலிக்கும் குடியிருப்போர் சங்கங்கள், பெட்டி வரிசைக்கு ஒருமுறை பெயின்ட் அடித்து, பெயர் எழுதி, பூட்டுப் போட என்ன தடை?

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி பக்கம் கிராமங்களில் கதை வேறு. பல வீடுகளுக்கு மதிலே கிடையாது. கிராமிய அஞ்சல் ஊழியருக்கு ஆளைத் தெரியும். களத்தில் இருக்கிறாரா, நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிறாரா என்பதும் தெரியும். ஆள் இல்லையென்றால் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போவார். அங்கே பெட்டி இல்லாததைக் குறையாகச் சொல்ல முடியாது, ஆனால் அந்தக் கிராமங்களிலும் இப்போது வெளிநாட்டுப் பணத்தில் மதிலும் கேட்டும் எழும்பத் தொடங்கிவிட்டன.

பெட்டியைத் திறக்காமல் விட்டால் வேறு யாராவது குடியேறிவிடுவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். குளவிக்கு இருட்டான தகரப்பெட்டி என்றால் கொள்ளைப் பிரியம். குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும் என்று நம்பி, அதைக் கலைக்காமல் விடும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பல்லி முட்டையிடும், எறும்பு புற்று வைக்கும், சில இடங்களில் குருவியும் வரும். 2020-இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில், தெருவிளக்குகளுக்கான ஸ்விட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டபோது, குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேலாக ஊரே தெருவிளக்கை எரியவிடாமல் இருட்டில் நடந்தது. அந்த மனசுள்ள வட்டாரம் இது. குருவி கட்டிவிட்டால் பெட்டியை அதற்கே விட்டுவிட்டு, கேட்டின் மறுபக்கம் இன்னொரு பெட்டி மாட்டுவதே நியாயம்.

பெட்டியைவிடவும் மோசமான நிலையில் இருப்பது பெட்டிமேல் எழுதிய எண். 2011-இல் மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டானது. ஆனையூர், அவனியாபுரம், திருநகர் போன்ற பகுதிகள் உள்ளே வந்தன. ஊராட்சிக் கால எண், நகராட்சிக் கால எண், மாநகராட்சி கொடுத்த எண், மனைப்பிரிவின் பிளாட் எண் எல்லாம் ஒரே கதவில் இருக்கும் வீடுகள் உண்டு. பழைய எண் வங்கியில், புதிய எண் ஆதாரில், பிளாட் எண் கேஸ் புத்தகத்தில். ஒரே தெருவில் மூன்று ‘அன்னை இல்லம்’. பழகிய தபால்காரர் ஆளை வைத்துச் சரியாகக் கொடுத்துவிடுவார். அவர் லீவு போட்ட அன்று வருகிற மாற்று ஆள் திண்டாடுவார்.

1972 ஆகஸ்ட் 15-இல் வந்த ஆறு இலக்கப் பின்கோடு நம்மை அஞ்சலகம் வரை கொண்டு சேர்க்கிறது: 625001 என்றால் தலைமை அஞ்சலகம், 625002 தல்லாகுளம், 625021 பல்கலை நகர். 2025 மே மாதம் அஞ்சல் துறை, ஐஐடி ஹைதராபாத், இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் ஆகியவை சேர்ந்து கொண்டுவந்த டிஜிபின், நாட்டையே ஏறக்குறைய நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு கொடுக்கிறது. நல்ல முயற்சி, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் உதவும். ஆனால் நாலு மீட்டர் கட்டத்துக்குள் வந்து நிற்பவருக்கு, காகிதத்தை நனையாமல் வைக்க ஒரு கையகல இடத்தை வீட்டுக்காரர்தான் தர முடியும்.

இன்னொரு சங்கடம் சாலை மட்டம். ரோடு மேல் ரோடு போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் நெஞ்சுயரத்தில் இருந்த பெட்டி பல தெருக்களில் தொடை உயரத்துக்கு இறங்கிவிட்டது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தளம் போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அதற்கு முன்பே தாழ்ந்துபோன வீடுகளில், பையைத் தோளில் மாட்டியவர் வீட்டுக்கு வீடு குனிந்து நிமிர வேண்டியிருக்கிறது. பெட்டியைக் கழற்றி ஒரு முழம் மேலே மாட்ட ஒரு காலை நேரம் போதும்.

பட்டறைக்குப் போகிறவர் கேட்டு வாங்க வேண்டியவை அதிகமில்லை. வாய் 25 செ.மீ. அகலமும், பத்திரிகை நுழையுமளவு உயரமும் இருக்கட்டும். அதன்மேல் நாலு விரல்கடை முன்னே நீளும் தகட்டுக் கூரை. கவர் படுக்கையாக விழும்படி உள்ளே இடம். அடியில் ஓட்டைகள். போடும் வாய் தெருப்பக்கம், எடுக்கும் கதவு வீட்டுப்பக்கம். மின் மீட்டருக்குப் பக்கத்தில் வேண்டாம். நாய் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். இரும்புத் தகடானால் ரெட் ஆக்சைடு அடித்த பிறகே பெயின்ட். முன்பக்கம் வீட்டு எண், இருந்தால் பழைய எண்ணும், தெருப் பெயரும், பின்கோடும், தமிழில் தெளிவாக. பெயர் எழுத விருப்பமில்லாதவர்கள் எண்ணோடு நிறுத்திக்கொள்ளலாம். வாடகை வீடானால் குடிவருகிறவர் பெயரை ஒட்டவும், போகிறவர் பெயரைக் கிழிக்கவும் வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பெடுக்க வேண்டும்.

மாநகராட்சி செய்ய வேண்டியதும் உண்டு. புதுக் கட்டடத்துக்கு வரி விதிக்க அலுவலர் வந்து அளக்கும்போது, எண் பலகையும் தபால் பெட்டியும் இருக்கின்றனவா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். பிளான் அனுமதியில் மழைநீர்த் தொட்டியைக் கேட்கிற ஊரில் இதைக் கேட்பது பெரிய சுமையாகாது. அடுக்குமாடி கட்டி விற்பவர்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி, பூட்டோடும் சாவியோடும், ஒப்படைக்கும் நாளிலேயே தர வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும்; அதற்கு முன் இருக்கிற பெட்டிக்குக் கூரைத் தகடு வைப்பதும், துருவைச் சுரண்டி ஒரு கோட் அடிப்பதும், அடைத்துக் கிடக்கும் பழைய நோட்டீஸ்களை வாரி எடுப்பதும் அரை நாள் வேலை.